பிச்சைமுத்துவின் விமர்சனம்

துப்பறியும் நாவல் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மங்களத்துக்கு உலையில் போட்ட அரிசிகூட நினைவில் நிற்காது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவள். கம்பெனி தோட்டத்தை விற்றதும் புருஷனோடு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் குடியேறி, சட்டை தைக்கும் ஃபேக்டரியில் சேர்ந்தாள். சனிக்கிழமை தவறாமல் நாகூர் மீரான் கடைக்குப் போய் மெட்ராஸ் மாத நாவல்களை வாடகைக்கு எடுப்பாள்.

படித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஜென்மமா அவள்? "எப்படிக்கா இருந்துச்சு?" என்று மீரான் வாயைக் கொடுத்தால் போச்சு.

"மூணாம் பக்கத்துலயே பொணம் விழுந்துருச்சு தம்பி. துப்பறியறவரு நாப்பதாம் பக்கம் வரைக்கும் காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காரு. ராத்திரி பூரா மழையாம், காலையில காலடித் தடம் அப்படியே இருக்காம். எழுதுனவரு மழையில நனைஞ்சதே இல்லை போல!"

குடும்ப நாவல் என்றால் இன்னும் மோசம். "கதாநாயகி நாலு தடவை மயங்கி விழறா. எங்க தோட்டத்துல விழுந்திருந்தா அரைநாள் சம்பளம் போயிருக்கும். அப்புறம் மயக்கமே வந்திருக்காதுலா!"

"இதையெல்லாம் பேப்பருக்கு எழுதுங்கக்கா" என்று மீரான் ஏற்றிவிட்டான். அவளும் எழுதினாள். கடைசி வரியில் 'மங்களம்' என்று தன் பெயர்; அதன் கீழே 'பிச்சைமுத்து வீடு, புந்தோங், ஈப்போ' என்று விலாசம். 1981-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதம் அச்சில் வந்தது. கீழே கொட்டை எழுத்தில்: பிச்சைமுத்து, ஈப்போ. யாரோ பெரியவர் கடிதத்தை மங்களம் பாடி முடித்திருக்கிறார் என்று பத்திரிகை ஆசிரியர் நினைத்திருக்க வேண்டும். அந்த வார்த்தையை வெட்டிவிட்டு, விலாசத்திலிருந்த பெயரைப் போட்டுவிட்டார்.

பிச்சைமுத்து அவள் புருஷன். பலகை மில்லில் ஜாகா. ராத்திரி காவல், பகலில் தூக்கம். பேப்பரில் லாட்டரி நம்பர் ரிசல்ட்டைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷன். மறுநாள் காப்பிக்கடையில் "வாங்க விமர்சகரே!" என்று நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட, ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மங்களம் பேனாவைத் தேடி எடுத்தாள். "நாளைக்கே திருத்தி எழுதிப் போடறேன்."

"இருக்கட்டும்லா. என் பேரு, உன் பேரு, ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா உங்க சம்பளச் சீட்டுல என் பேரைப் போடச் சொல்லுங்க!"

அந்தத் திருத்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுவதற்குள் வாசகர் வட்டத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. உள்ளூர் எழுத்தாளர் சதாசிவம் தோட்டத்துக் கொலையை வைத்து நாவல் எழுதியிருக்கிறார், விமர்சகர் பிச்சைமுத்து பேச வேண்டும், பொன்னாடை உண்டு.

"இந்த ஒரு தடவை மட்டும், மங்களம். கடைசியில மேடையிலயே உன் பேரைச் சொல்லிடறேன். முனியாண்டி மேல சத்தியம்!"

சரியென்றாள். ஐந்து நாள் உட்காரவைத்துக் கதையைச் சொல்லிக் கொடுத்தாள். கொலைகாரன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "மேடையில முடிவைச் சொல்றது மரியாதை இல்லைங்க" என்றாள். மனுஷன் அதையும் நம்பினான்.

கோயில் மண்டபத்தில் பிச்சைமுத்து கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். பொன்னாடை விழுந்தது. பெண்கள் வரிசையில் மங்களம் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். அவனோ "நன்றி, வணக்கம்" என்று முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாவி! கட்டின பெண்டாட்டியையும் மறந்தான், முனியாண்டியையும் மறந்தான்.

அப்போது சதாசிவம் எழுந்தார். "ஒரு கேள்விண்ணே. கொலைகாரனை எந்த இடத்துல கண்டுபிடிச்சீங்க?"

பிச்சைமுத்து பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டான். மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானை நுனியை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"அது... வீட்டுல..."

"வீட்டுல உக்காந்து படிச்சீங்க, சரி. எந்த அத்தியாயத்துல?"

"ஐயோ, வீட்டுலன்னா என் பொண்டாட்டிலா! எழுதுனதெல்லாம் அவதான்! அவளைக் கேளுங்க!"

மண்டபம் சிரித்து அடங்கும்வரை பொறுத்திருந்து மங்களம் எழுந்தாள்.

"மூணாவது அத்தியாயம். காயம் இடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கம் கீழ இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க. பால்மரம் வெட்டிப் பழகுன கைதான் அப்படி இறங்கும். சந்தேகப்பட்டவங்கள்ல முன்னாடி மரம் வெட்டுனவரு, இப்ப ஆபீஸ்ல கணக்கு எழுதற அந்தக் கிராணி ஒருத்தருதானே?"

சதாசிவம் விழித்தார். "நான் அதை யோசிச்சு எழுதலைம்மா. சும்மா எழுதினேன்."

"அப்ப உங்களுக்கே தெரியாம நல்லா எழுதியிருக்கீங்க."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பேப்பர்காரர் அவளைப் படம் எடுத்தார், பெயரைக் கேட்டார். எழுத்தெழுத்தாக இரண்டு தடவை சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஃபேக்டரியில் ஊசி ஓடியதே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தது. அரைப் பக்கத்துக்கு அவள் படம். கீழே: 'விமர்சனத் திலகம் திருமதி பிச்சைமுத்து.'

மங்களம் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள். பிச்சைமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான். அன்றைக்கு அவனுக்கு லீவு.