டபுள்செக்கும் அலமாரி மெஷினும்

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நாங்க வெச்ச பேர் டபுள்செக். வீட்டைப் பூட்டிட்டு அந்தப் பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போவார், நிப்பார், நெத்தியில கை வெப்பார், திரும்பி வந்து எட்டாவது தடவையும் இழுப்பார். அதுக்குள்ள பஸ் போயிடும், என் தங்கச்சி தலையில அடிச்சுக்குவா. சீப்பு வாங்கினா பல்லை எண்ணுவார். ஒரு தடவை குடை வாங்கப் போய், திறந்து மூடித் திறந்து மூடி, கடைசியில கடைக்காரன் கும்பிடு போட்டுட்டான். "ஐயா, உங்களுக்கு நான் குடை விக்கலை. நனைஞ்சுக்கிட்டே வீடு போய்ச் சேருங்க."

இந்த மனுஷன் எங்க வேலை பார்க்கிறார்னு கேளுங்க. வெளிநாட்டுலேர்ந்து மலிவு விலைக்கு மெஷின் இறக்குற கம்பெனியில. சுவத்துல ஓட்டை போடுற மெஷின், டைல் அறுக்கிற மெஷின், மரம் இழைக்கிற மெஷின், எல்லாம் கரண்ட்ல ஓடுறது. அதையெல்லாம் சோதிச்சுப் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் இவர் உத்தியோகம். 'பரிசோதிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கும், கீழ இவர் நம்பர், பதினாலு. அப்பேர்ப்பட்டவர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பார்னுதான் நானும் நம்பினேன். பதினாலாம் நம்பர் மெஷினா வந்து என் கடையில குவிய ஆரம்பிச்சப்பதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

என் கடை, கரண்ட் மெஷின் ரிப்பேர் கடை. ஒன்னுல ஸ்விட்ச் உள்ளேயே விழுந்து கிடக்கும். ஒன்னுல நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு இருக்கும், அதுல ஒன்னு சும்மா வேடிக்கை பார்க்க வந்த மாதிரி ஆடிக்கிட்டிருக்கும். ஒரு மெஷினைப் பிரிச்சா உள்ள எர்த் ஒயரே கிடையாது, அந்த இடத்துல பாதி தின்ன பிஸ்கட் இருந்தது. சத்தியமா சொல்றேன். அதுக்கும் பச்சை ஸ்டிக்கர்.

ஒரு நாள் பொறுக்க முடியாம கேட்டேன். "ஏன் மாப்பிள்ளை, வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பார்த்து வாங்குறீங்க. இதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டீங்களா?"

அசடு வழியச் சிரிச்சார். "முதல் வருஷம் பார்த்தேன் மச்சான். நாப்பது பெட்டி பிரிச்சேன், பதினேழு தேறலைன்னு எழுதினேன்."

"அப்புறம்?"

"முதலாளி கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்தார்."

அவ்வளவுதான் கதை. பெட்டியைப் பிரிச்சா புதுசு பழசாயிடும், ஒட்டின டேப் கிழிஞ்சா வாங்க மாட்டாங்க, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், எதுக்கு நாப்பது? இப்படி அந்த முதலாளி அன்பாப் பேசியிருக்கார். அன்னிலேர்ந்து டைல் அறுக்கிற மெஷின் ஒன்னே ஒன்னைத் தனியா எடுத்து அலமாரியில வெச்சுட்டாங்க. கப்பல்ல சரக்கு வந்து இறங்கினா அலமாரியைத் திறப்பாங்க, அந்த மெஷினை ஓட விடுவாங்க, அது ஜம்முனு ஓடும், நிறுத்தினா நிக்கும். ரெண்டாயிரம் மெஷினும் பாஸ். பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் சரிதான், ஆனா இவங்க பதம் பார்த்த சோறு பத்து வருஷமா அலமாரியில இருந்த சோறு.

சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன், நானும் உத்தமன் இல்லை. அந்த அலமாரி மெஷினுக்குச் சின்னதா ஒரு சீக்கு வந்தாலும் டபுள்செக் அதை என் கடைக்குத்தான் தூக்கிட்டு வருவார். கார்பன் மாத்தினேன், பேரிங் மாத்தினேன், ஸ்விட்ச், ஒயர், கடைசியில மோட்டாரையே மாத்தினேன். எல்லாம் ஒசத்தி சாமான். கம்பெனிக்காரன் செஞ்சதுன்னு அதுல மிச்சமிருந்தது வெளிக்கூடு மட்டும்தான். எதுக்கு மாத்துறேன்னு எனக்கும் தெரியும். வாயை மூடிக்கிட்டு மாத்தினேன். மத்த ரெண்டாயிரம்தான் என் வீட்டு அடுப்பை எரிய வெச்சது.

டபுள்செக்குக்கு ஒரே பொண்ணு. டைல் ஒட்டுற வேலை. அப்பன் வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டும் கேக்கலை, கத்துக்கிட்டா. அவ ஒட்டின தரையில கோலிக்குண்டு வெச்சா உருளாது, அவ்வளவு மட்டம். இத்தனை நாள் ஆள் மாத்தி ஆள்கிட்ட மெஷின் கடன் வாங்கி வேலை பார்த்தா. இப்போ இவளும், கூட வேலை செய்யற ஒரு அக்காவும் சேர்ந்து ஒரு புதுக் கட்டடத்துக்குக் குளியலறை டைல் வேலை முழுசையும் எடுத்திருந்தாங்க. சொந்தமா ஒரு கட்டிங் மெஷின் வேணும்.

"என் பொண்ணோட பத்து விரலும் பத்தாவே இருக்கணும் மச்சான்"னு டபுள்செக் என்கிட்ட வந்து புலம்பினார். ராத்திரி தூக்கமே வரலையாம். ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்குப் போனேன். பொண்ணு கையில மெஷின். பார்த்த உடனே எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. நான் மாட்டின ஒயர், நான் மாட்டின ஸ்விட்ச். அலமாரி மெஷின்!

"நானே செக் பண்ணதும்மா"ன்னு சொல்றார். பொய் இல்லை. பத்து வருஷத்துல அது ஒன்னைத்தான் செக் பண்ணியிருக்கார்.

"அடப்பாவி மாப்பிள்ளை, அலமாரிக்கு என்ன பண்ணுவீங்க?"ன்னு காதைக் கடிச்சேன்.

"அடுத்த சரக்கு வர ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள நீங்க இன்னொன்னு தயார் பண்ணிடுங்க."

ரெண்டு வாரம் எங்க விட்டாங்க? நாலாம் நாள் காலையில கம்பெனியிலேர்ந்து எனக்கு போன். ஓடி வா, ஸ்க்ரூடிரைவரோட வான்னு முதலாளியே கத்தறார். போய்ப் பார்த்தா, கோட்டு போட்ட ஒருத்தர் உக்காந்திருக்கார். பெரிய கடைக்காரங்களாம், நிறைய ஊர்ல கிளையாம். மொத்தமா வாங்கறதுக்கு முன்னாடி சோதனையை என் கண்ணால பார்க்கணும்னு சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறார். அலமாரியைத் திறந்தா தூசிதான் இருக்கு. டபுள்செக் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறார்.

வேற வழியில்லாம முதலாளி ஒரு புதுப் பெட்டியைப் பிரிச்சார். நல்லாத்தான் ஓடுச்சு. ஓடுச்சு, ஓடிக்கிட்டே இருந்தது. ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளுறார், அந்தப் பக்கம் தள்ளுறார், அது நிக்கவே இல்லை. நான்தான் பாய்ஞ்சு போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். "இது ஒன்னுதான் சார் இப்படி"ன்னு ரெண்டாவதைப் பிரிச்சார். அது ஓடவே இல்லை. நிக்காத மெஷினைப் பார்த்துட்டு ஓடாத மெஷினைப் பார்க்க அவருக்கே கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். மூணாவது ஓடுச்சு, ஆனா பிளேடு மேல இருக்கிற தகடு கழண்டு பறந்து போய்ச் சுவர்ல அடிச்சு விழுந்தது. கோட்டுக்காரர் எழுந்து நின்னு, "நாளைக்கு வர்றேன், சரியா வெச்சிருங்க"ன்னுட்டுப் போனார்.

அவர் தலை மறைஞ்சதும் முதலாளி திரும்பினார். "அலமாரி மெஷின் எங்கய்யா?"

"பொண்ணுக்குக் குடுத்துட்டேன்."

முதலாளி திட்டலை. நிஜமாவே புரியாமத்தான் கேட்டார். "எடுத்தது பரவாயில்லய்யா. ரெண்டாயிரம் கிடக்குது இங்க, அதுல ஒன்னைக் குடுத்திருக்கலாமே. எதுக்கு அதைக் குடுத்தே?"

டபுள்செக் காலி அலமாரியை மூடிட்டுக் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். நான் ஒருத்தன் அங்க இருக்கிறதே முதலாளிக்கு மறந்து போனா நல்லா இருக்கும்னு தோணிச்சு.

புதுசா ஒரு பெட்டியை அவர் கையில திணிச்சு, இதைக் குடுத்துட்டு அதை வாங்கிட்டு வா, இல்லைன்னா நாளையிலேர்ந்து வராதேன்னு அனுப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். வழியெல்லாம் டபுள்செக் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டே வந்தார். நானும் அன்னிக்குக் கிண்டல் பண்ணலை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா. தலையெல்லாம் டைல் தூசி. என் தங்கச்சி சோறு போட்டுக்கிட்டிருந்தா.

"அம்மாடி, அந்த மெஷின் கம்பெனிக்கு வேணுமாம். அதுக்குப் பதிலா இது. புதுசு."

"அது நல்லாத்தானேப்பா ஓடுது?" பெட்டியைத் திருப்பிப் பார்த்தா. பச்சை ஸ்டிக்கரைக் கண்டதும் முகம் மலர்ந்து போச்சு. "பதினாலு! உன் நம்பர்தானே, அப்போ சரி."

கையைக் கழுவிட்டு வந்தா, பெட்டியைப் பிரிச்சா, பிளேடை மாட்டினா, ப்ளக்கைச் சொருகினா. கட்டை விரல் ஸ்விட்சுக்குப் போகுது.

"தொடாதே!"

அப்படி ஒரு சத்தம் அந்த மனுஷன் தொண்டையிலேர்ந்து வந்து நான் கேட்டதே இல்லை. பாய்ஞ்சு ப்ளக்கைப் பிடுங்கினார். என் தங்கச்சி கரண்டியோட நின்னுட்டா.

"என்னப்பா? செக் பண்ணதுதானே?"

"இல்லம்மா."

"இதை மட்டும் பண்ணலையா?"

டபுள்செக் தரையைப் பார்த்தார். "எதையுமே பண்ணலை."

அவ அழுவான்னு நினைச்சேன், இல்லைன்னா அப்பனைப் பிடிச்சு நாலு கேள்வி கேப்பான்னு நினைச்சேன். கேட்டிருந்தா எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும். அவ முகம்தான் வெளிறிப்போச்சு. அவசர அவசரமா போனைத் தேடி எடுத்தா.

"அக்காவும் முந்தாநாள் இதே மெஷின் வாங்கினா. வேற கம்பெனி பார்க்கலாம்னுதான் சொன்னா. நான்தான்... எங்கப்பா நம்பர் இருக்கு பாரு, கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு நான்தான் சொன்னேன்."

போன்ல மணி அடிக்குது. அடிச்சுக்கிட்டே இருக்குது. அந்த அக்கா எடுக்கலை.

"கட்டடத்துலதான் இருக்கா. மெஷின் ஓடும்போது அவளுக்குக் கேக்காது"ன்னா பொண்ணு.

டபுள்செக் செருப்பைக்கூட மாட்டலை. பொண்ணு முன்னாடி ஓட, இவர் பின்னாடி ஓட, என் தங்கச்சி கரண்டியைப் போட்டுட்டு ஓட, நான் ஸ்க்ரூடிரைவர் பையைத் தூக்கிக்கிட்டுக் கடைசியா ஓடினேன். தெருமுனையில திரும்பிப் பார்த்தேன். வாசக்கதவு ஆன்னு திறந்து கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.