சக்குபள்ளத்துக் கதவும் கௌசிகாவும்

“கதவைச் சாத்திக்கிட்டு ஊரான் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து பூந்து வர்றாளே, அதுக்குப் பேரு என்னங்க பெரியம்மா?” என்று பக்கத்து வீட்டுக் கோமதி என் முகத்துக்கு நேரே கேட்டாள்.

“அதுக்குப் பேரு வேலை. உடையவரே கூப்புட்டுக் குடுத்த வேலை. உன்ற ஊட்டுக்குள்ள நீ போனா அதைப் பூந்தேன்னா சொல்லுவே?”

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் மருமகள் கௌசிகா செய்யும் வேலை தெரியும். மூன்று வருஷமாகப் பக்கத்தில் அவரைக்கொட்டை உரித்தபடி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். நான் சொல்லுகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம்.

நாங்கள் இருப்பது கொல்லங்கோட்டில். பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும், மலைமேல் இருக்கும் சக்குபள்ளத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று இருக்கிறது. அங்கே அறையின் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்ப்யூட்டர். லினக்ஸ் போட்டது. அதை அமைத்துக் கொடுத்தவன் என் மகன் சிவப்பிரகாஷ். இந்த வீட்டில் உட்கார்ந்தபடியே அதை நடத்தினான். அவன் காய்ச்சலில் போய்விட்டான். முப்பது நாள் கழித்து கௌசிகா அவனுடைய லேப்டாப்பைத் திறந்தாள். எந்த விசை எதற்கென்று கூடத் தெரியாமல் ஆரம்பித்தவள்தான்.

அவள் சக்குபள்ளத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் நடுப்பகலில், எங்கள் ஊர் வெயில் ஓட்டைப் பிளக்கும்போது, திரையில் ஈரத்தைக் காட்டும் எண் ஏறுவதைப் பார்த்து, “அங்க பனி இறங்குதுங்க அத்தை” என்பாள். எழுந்துபோய் சிவப்பிரகாஷின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். சூட்டைக் காட்டும் எண் குறைந்தால், “மிக்கேல்ராஜ் அறைக்கதவைத் தொறந்திருக்காரு” என்பாள். அங்கே அடுப்புக்கு விறகு போடுகிறவர் அவர். எனக்கும் சில நாள் பச்சை ஏலக்காய் மணம் வருகிற மாதிரி இருக்கும். பொய் என்று தெரியும். இருந்தாலும் மூச்சை இழுத்துக்கொள்வேன்.

கதவைச் சாத்துவதையா சொன்னாள் கோமதி? அதற்குக் காரணம் அவள் புருஷன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் புறப்பட்ட நஞ்சப்பன், வாசலில் நின்ற கௌசிகாவைக் கண்டதும் பைக்கை நிறுத்தி, வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். தாலி இழந்தவள் எதிர்ப்பட்டாள் அல்லவா? அன்று முதல் தெருவில் எல்லாரும் புறப்பட்டுப் போகும்வரை அவள் கதவைத் திறப்பதில்லை. வெளியே போவதும் நின்றுவிட்டது. அவள் மலை ஏறி இறங்கியதெல்லாம் அந்த லேப்டாப் வழியாகத்தான்.

சக்குபள்ளத்துக் கம்ப்யூட்டரின் கதவை ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் தட்டுவார்களாம். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ, பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துத் தட்டுவார்களாம். அதனால் சாவி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அது இரண்டு பாதி. ஒரு பாதியை அங்கே கொண்டுபோய் வைப்பது. அதை யார் பார்த்தாலும் பாதகமில்லை. மறு பாதி இவளுடைய லேப்டாப்பை விட்டு நகரவே கூடாது.

பழைய லேப்டாப் ஓயப்போகிறதென்று புதிது வாங்கினாள். புதிதில் முதல் முறை போனபோது அங்குள்ள இயந்திரம் தன் அடையாளம் என்று நீளமாக எழுத்துகளைக் காட்டி, நம்புகிறாயா என்று கேட்டதாம். அவள் உடனே ஆமென்று தட்டவில்லை. பெட்டியின் மேல் சிவப்பிரகாஷ் ஒட்டியிருந்த சீட்டை மிக்கேல்ராஜிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். அவ்வளவு நிதானக்காரி. அவளைத்தான் நான் அவசரப்படுத்தினேன்.

அது வெள்ளிக்கிழமை. புதுச் சாவியை வைத்து, பழைய சாவியை எடுத்து, தொலைவிலிருந்து பாஸ்வேர்டு போட்டு வரும் வழியையும் அடைத்துக்கொண்டிருந்தாள். மணி பத்தேகால்.

“கண்ணு, பத்தரைக்கு ராகு காலம். பூட்டு மாத்தற வேலையை அதுக்குள்ள முடி.”

“இன்னொரு ஜன்னல் தொறந்து சோதிச்சுப் பாக்கோணுங்க அத்தை. அதுவரைக்கும் இதை மூடக் கூடாதுங்க.”

“எல்லாம் ராகு காலம் முடிஞ்சு பாத்துக்கலாம். மூடு!”

மூடினாள். பன்னிரண்டு மணிக்குத் திறந்தபோது அனுமதி இல்லை என்றது இயந்திரம். புதுச் சாவியை ஒட்டும்போது முதல் எழுத்து விட்டுப்போயிருக்க வேண்டுமாம். ராகு காலத்தின்மேல் நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். குறை என் வாயில்.

ஸ்டோர் உடையவர் சுவக்கீன் கூப்பிட்டார். “நாளைக்குச் சாயங்காலம் புதுக் காய் ஏறுது. சூடு தப்புனா பச்சை போயிரும். உன் பாஸ்வேர்டச் சொல்லு, இங்க பெட்டி முன்னாடி மிக்கேல்ராஜ உக்கார வச்சுத் தட்டச் சொல்றேன்.”

“சொல்ல மாட்டேனுங்க. அதை வச்சு என்ன பண்ணுனாலும் என் பேர்லதான் நிக்குமுங்க.”

“எனக்கு வேண்டவே வேண்டாம்க்கா!” என்று பின்னாலிருந்து மிக்கேல்ராஜின் குரல். “வெறகுன்னா கேளுங்க.”

“அப்ப நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீயே வந்து பாரு. இல்லாட்டி கம்பம் டவுன்ல ஒரு ஆளு இருக்கான், அவன்கிட்ட விட்டுர்றேன்” என்றார் அவர்.

கௌசிகா போனை வைத்துவிட்டு வெகு நேரம் ஸ்வெட்டரின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த வேலை போனால் அந்தப் பனியும் போய்விடும். இந்தச் சாத்திய கதவு மட்டும் மிஞ்சும். “பொள்ளாச்சி பஸ் காலையில எத்தனை மணிக்குங்க அத்தை?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை கிழக்கே சூலம். பொள்ளாச்சி கிழக்கு. பரிகாரத்துக்கு ஒரு தம்ளர் தயிர் கொடுத்தேன். குடித்துவிட்டு, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே பால் கேன்கள் போய்க்கொண்டிருந்தன. பைக்குகள் கிளம்பின. எல்லாரும் போகட்டும் என்று வழக்கம்போல் காத்திருந்தாள். அவர்கள் போய் முடிவதற்குள் பஸ் போய்விடும்.

நான் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினேன். பத்தடி போய்த் திரும்பி, அவளுக்கு நேர் எதிரே நடந்து வந்தேன். நானும் இருபது வருஷமாகத் தாலி இல்லாதவள்தான்.

“நாந்தான் உனக்கு எதுக்க வர்றேன் சாமி. எது தடுக்குதுன்னு பாப்பம், நட!”

தெருவே பார்த்தது. அவள் சிரித்தாள், உதட்டில் தயிர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, கிழக்கே நடந்தாள்.