அம்மா எழுதச் சொன்ன ஊர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. படத்துக்குக் கீழே நாலு வரி எழுதினால் போதும் என்றார் மாமா. நாலு வரிக்குள் அடங்கிப் போகிற அம்மா எனக்கு வாய்க்கவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில். பிறந்த லயத்து வரிசை வீட்டுக்கும் கடைசியாகக் கண்மூடிய லயத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு குழாயடியும் ஒரு பிள்ளையார் கோயிலும்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளிக்குத் தானா ராத்தாவுக்குப் பஸ்ஸில் போய்வந்தார். மூன்றாம் படிவத்தோடு அது நின்றது. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் தம்பிதான் இன்று உங்களை வாசலில் நின்று வரவேற்கும் என் மாமா.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு மழை நாளில் லோரி சரிந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா அழுது நான் பார்த்ததில்லை, கோபப்பட்டுத்தான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குக் கோபம் வரும். நினைவு மலர் என்பதற்காக அதை மறைத்தால் குழாயடியில் அவரோடு சண்டை போட்டவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். ஆனால் அதே வாயால்தான், கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளத்தோடு சேறு புகுந்த வருடம், காய்கறித் தோட்டத்தையும் வீட்டையும் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்ற மாமாவையும் அத்தையையும் பிள்ளையையும், "என்ன வாசல்ல நிக்கிறீங்க, காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார். இருந்த ஒரே அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நானும் அம்மாவும் சமையல்கட்டில் படுத்தோம். எத்தனை மாதம் என்று அம்மா கேட்கவே இல்லை.

நான் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது யாருடைய ஆசை என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் இருந்தது, அம்மாவுக்கும் இருந்தது, தோட்டத்துக்கே இருந்தது. பல்கலைக்கழகம் போக எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு நன்றாக வந்ததும் கோயில் கமிட்டி என் படத்தைப் போட்டு, "வருங்கால டாக்டர்" என்று ஒரு பேனர் அடித்துக் கோயில் வாசலில் கட்டிவிட்டது. அப்போது நான் விண்ணப்பமே போடவில்லை. மறுநாளிலிருந்து மேல் லயத்துப் பெரியவர்கள் முட்டியைக் காட்டி வைத்தியம் கேட்க ஆரம்பித்தார்கள்.

பிறகு விண்ணப்பித்தேன், பதில் வந்தது. மருத்துவம் இல்லை. அதற்குப் பதிலாக மண்ணைப் பற்றிய ஒரு படிப்பைக் கொடுத்திருந்தார்கள். நான் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அம்மா வேலையிலிருந்து வந்தவர், ஏணியை எடுத்துக்கொண்டு போய், தானே ஏறிப் பேனரைக் கழற்றினார். அதைக் கொண்டுவந்து, என் முகம் உள்பக்கம் இருக்கும்படி மடித்து, பின்கட்டு விறகின் மேல் போட்டார்.

"பாரு, விறகாச்சும் நனையாம கெடக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்துத்தான் அழுதேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. எப்போது மறுபடி விண்ணப்பம் போடுவது, எங்கே போடுவது. தோட்டத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள். மாமா இந்தோனேசியா என்றார்.

"ரெண்டு மணி நேரம் பிளேன்தான்க்கா. நம்ம பாப்பாவ அனுப்பிடலாம் லா."

"அது ஏஜெண்டு பேசுற பேச்சு. நீ பேசு" என்றார் அம்மா.

நானோ அவர்கள் கொடுத்த படிப்பையே எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்றிருந்தேன். கோயில் வாசல் வழியாக நடக்காமல் இருந்தால் போதும் எனக்கு. ஆனால் அதை எடுத்துக்கொண்டால் மறுபடி மருத்துவம் கேட்பது கடினம் என்று பள்ளி ஆசிரியை சொல்லிவிட்டார்.

"ஒரு வருசம் சும்மா இரு" என்றார் அம்மா. "கவாத்து வெட்டின மலையில யாராச்சும் மறுநாளே கொழுந்து எடுக்கப் போறாங்களா?"

"நான் செடி இல்லம்மா."

"செடின்னா இவ்ளோ வாய் பேசாது."

காத்திருப்பது என்று முடிவானது. நான் தானா ராத்தாவில் சுற்றுப்பயணிகள் வரும் ஒரு தேநீர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா காலையில் மலைக்குப் போனார். கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் ஒரு முனையை அவரும், மறுமுனையை அவரைத் தமிழிலேயே "அக்கா" என்று கூப்பிடும் வங்காளதேசத்துத் தம்பியும் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். சாயங்காலம் வந்து, "இன்னிக்கு நான் வெட்டினத எவ்வளவுக்கு வித்தீங்க?" என்று என்னைக் கேலி செய்வார். நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்திருந்தது அந்த வருடத்தில்தான். இடம் கிடைத்திருந்தால் அது இருந்திருக்காது. நல்லதுக்குத்தான் நடந்தது என்று யாராவது அதை வைத்து எனக்கு ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குப் பிடிக்காது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

அந்த வருடத்தின் நடுவில்தான் அம்மாவுக்குச் சோறு இறங்காமல் போனது. தானா ராத்தாவில் பார்த்துவிட்டு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வயிற்றில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். டாக்டர் சொன்னதை அம்மா என்னைப் பார்த்தே கேட்டுக்கொண்டார். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நினைப்பு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது மாமாவின் காரில், "பசிக்குது" என்றார். வழியில் நிறுத்தி வாங்கிக்கொடுத்தோம். இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை.

விண்ணப்பம் மறுபடி திறந்தபோது அம்மா கட்டிலில் இருந்தார். எங்கே போட வேண்டும் என்று அவர் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். கடல் தாண்டி, சபா மாநிலத்துப் பல்கலைக்கழகம்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் கே.எல்., பினாங்குன்னே எழுதுறாங்க. பிள்ளைய தூரமா விட பயம். யாரும் எழுதாத எடத்த மொதல்ல எழுது, எடம் இருக்கும்."

அவர் கணக்கு சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் அதை எழுதவில்லை. தலைநகரான கே.எல்.லை முதலில் போட்டேன். பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அனுப்பிய பிறகு அம்மா கேட்டார்.

"எத மொதல்ல போட்ட?"

"கே.எல்."

"சபா?"

"போடல."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பாமலே சொன்னார்.

"என்னைய ஒரு சாக்கா வெச்சிராத பாப்பா."

அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. கோபமும் இல்லை. கடைசி வாரங்களில் என்னைப் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுவார். "என்ன டாக்டர், எப்படி இருக்கு?" என்பார். நன்றாக இருக்கிறது என்பேன். ஒரு விடியற்காலையில் அந்தக் கை என் கையில் இருக்கும்போதே துடிப்பு நின்றது.

கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சு வந்தது. எனக்கு உடன்பிறப்பு இல்லை. மாமா என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்.

"என் பையன் வைக்கட்டும்மா. நீ வெச்சா பதினாறு வரைக்கும் வாசல் தாண்டக் கூடாதும்பாங்க. இன்டர்வியூக்கு எப்ப வேணா கூப்பிடுவான்."

மாமா சொன்னது என் நல்லதுக்குத்தான். நான் கேட்கவில்லை. நான்தான் வைப்பேன் என்றேன், வைத்தேன். மாமா பயந்தது போலவே, பதினாறு முடிவதற்குள் கே.எல்.லுக்கு நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது.

அன்று இந்த வீட்டில் நடந்த வாக்குவாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சாங்கியத்தைப் பாதியில் விடக் கூடாது என்றார்கள் சிலர். "செத்தவளுக்கு இதவிட என்ன பெரிய காரியம் வேணும், போகட்டும் லா" என்றார் அத்தை. முன்பு தோட்டத்து ஆபீசில் எழுத்தராக இருந்த கிராணி ஐயா, இப்போது கோயில் கமிட்டித் தலைவர், தானே கார் எடுத்துக்கொண்டு வருவதாகவும், சாமிக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். நான் போகவில்லை.

அதற்காகச் சிலர் என்னைப் பொறுப்பான மகள் என்று புகழ்ந்தார்கள். படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்று சிலர் திட்டினார்கள். இரண்டு பேருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சாங்கியத்துக்காக இருக்கவில்லை. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்துபோய், முன்பின் தெரியாதவர்கள் முன் உட்கார்ந்து, நான் ஏன் டாக்டராக வேண்டும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். முதல் வருடம் அவர்கள் என்னை வேண்டாம் என்றார்கள். இரண்டாம் வருடம் யாரும் சொல்லவில்லை, நானே போகவில்லை. அம்மா எதைச் செய்யாதே என்றாரோ அதைத்தான் செய்தேன். அது தவறு என்று என்னால் இன்றுவரை நினைக்க முடியவில்லை. வலிக்காமலும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஈப்போவுக்கு ஒவ்வொரு முறையும் கார் எடுத்த மாமாவுக்கு. அம்மாவைக் குளிப்பாட்டிய அத்தைக்கு. பதினாறு வரை எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த இரண்டு லயத்து வீடுகளுக்கும். குழாயடிச் சண்டைக்காரர்களும் அதில் உண்டு. இயந்திரத்தின் மறுமுனையைப் பிடித்த தம்பிக்கு. அவர் உள்ளே வரத் தயங்கி மழையில் வாசலிலேயே நின்றதை நான் பார்த்தேன். தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். அம்மாவுக்குப் பிறகும் வருடத் திதி முடியும்வரை என்னை இங்கே இருக்க விட்ட தோட்டத்துத் துரைக்கும் நன்றி. அடுத்த வாரம் சாவியைக் கொடுத்துவிடுவேன். மேல் லயத்தில் இந்த வீட்டுக்கு வரும் புதுக் குடும்பத்தோடு அன்பாக இருங்கள்.

இன்னும் ஒரு முறை விண்ணப்பிக்கலாம் என்று ஆசிரியை உறுதியாகச் சொன்னார். எப்போது, எங்கே என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் போட்டுவிட்டேன். சபாவை முதலில் எழுதியிருக்கிறேன். கிடைக்குமா என்று தெரியாது. பேனர் மட்டும் வேண்டாம்.

மாமாவிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப தூரமாச்சேம்மா" என்றார்.

"எங்கருந்து தூரம், மாமா?" என்று கேட்டேன்.