அக்கா நேர்ந்துகொண்டாள், நான் மிதித்தேன்

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவள் என் அக்கா. சைக்கிள் மிதித்தவன் நான். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் கூச்சப்படுவதில்லை. தம்பிக்கு மொட்டை போடுகிறேன் என்று அண்ணன் வேண்டிக்கொள்வான். மருமகள் முழங்காலால் நடந்து வருவாள் என்று மாமியார் வாக்குக் கொடுப்பாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது புற்று இல்லை என்று வரவேண்டும், அதற்காக ஓசூரில் இருக்கும் தம்பி அங்கிருந்தே சைக்கிளில் வருவான் என்று மாதாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கு எந்தச் சாமியும் கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதிலும் காரியம் நடக்கும் முன்பே காணிக்கை. அறுவடைக்கு முன்னால் கூலி கொடுக்கிற மகராசி உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

வருஷா வருஷம் ஓசூரிலிருந்து போகிற ஒரு கோஷ்டியில் சேர்ந்துகொண்டேன். அடேயப்பா, என்ன பவிசு! காவி பனியன், பஞ்சு வைத்த கால்சட்டை, நெஞ்சு துடிப்பை எண்ணுகிற கடிகாரம். பின்னாலேயே ஒரு மினி லாரி, அதில் ஐஸ் பெட்டி. ஜெபமாலை சொன்ன நேரத்தைவிட செல்போனில் வேகம் பார்த்த நேரம்தான் அதிகம்.

கடைசி நாள் தஞ்சாவூரிலிருந்து விடியற்காலை கிளம்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடிக்கிடந்தது. அங்கே ஒரு அம்மாள் எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். மற்றவர்கள் மடாதிபதி மாதிரி நின்று வாங்கிக்கொண்டார்கள். திருவாரூர் தாண்டியதும் பாதி ரோட்டில் குறுவை நெல் காய்ந்தது, மீதி ரோட்டில் பஸ் வந்தது. கடல் பக்கமிருந்து எதிர்காற்று வேறு. பெடல் நகரவில்லை.

கீழ்வேளூரில் கோஷ்டித் தலைவர் லாரியை நிறுத்தச் சொன்னார். சைக்கிள்களை ஏற்றிக்கொள்ளலாம், வேளாங்கண்ணி நுழைவு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி மிதித்துப் போனால் போதும் என்றார். வருஷா வருஷம் இப்படித்தானாம். மாதா அம்மாதானே, பிள்ளைகள் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளா என்று என்னிடமே கேட்டார். லாரி வேகத்தில் கணக்குக் கெட்டுப்போகும் என்று எல்லோரும் கடிகாரத்தை அணைத்தார்கள். அந்த விஷயத்தில் மட்டும் பக்தி சுத்தம்.

நான் ஏறவில்லை. உடனே என்னை உத்தமன் ஆக்கிவிடாதீர்கள். எனக்குப் பயம். ரிப்போர்ட் தப்பாக வந்து, நான் லாரியில் வந்தது அக்காவுக்குத் தெரிந்தால், அவள் நோயைக் குறை சொல்லமாட்டாள், அந்த லாரியைத்தான் சொல்வாள். சாகிறவரைக்கும் சொல்வாள். கும்பிடுகிறவனுக்கு மாதா மன்னிப்பாள் என்ற தைரியம் இருக்கிறது. என்னை யார் மன்னிப்பார்கள்? அவர்களையும், காற்றையும், அக்காவையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மிதித்தேன்.

வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கோஷ்டி அங்கே பாட்டில் தண்ணீரை முதுகில் ஊற்றி வியர்வை தயார் பண்ணி முடித்து, மாலையும் கழுத்துமாக போட்டோவுக்கு நின்றது. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

இளநீர் வண்டி ஓரத்தில் அக்கா நின்றிருந்தாள். நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். கண் வீங்கியிருந்தது.

"லாரியிலேருந்து ஒவ்வொரு சைக்கிளா இறக்குனாங்க. உன்னுது வந்துடக்கூடாதுன்னு பார்த்துக்கிட்டே நின்னேன்டா" என்றாள்.

வரவில்லையே, பிறகு எதற்கு அழுதாய் என்று கேட்டேன்.

"ரிப்போர்ட் நேத்தே வந்துடுச்சு. அதுதானாம்."

எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளை அப்படியே ரோட்டில் போட்டேன். நேற்றே தெரிந்திருந்தால் ஒரு போன் போட்டு என்னை நிறுத்தியிருக்கலாமே, எந்த எழவுக்கு இந்தக் காற்றில் மிதித்தேன் என்று கத்தினேன். போட்டோவுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குனிந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள்.

"பாதியில நிறுத்திட்டா, அடுத்ததை எந்த முகத்தோட கேக்குறது?"

ஆரம்பக் கட்டம்தானாம், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். சரி, அதற்கும் ஏதாவது நேர்ந்து தொலை, அடுத்த வருஷமும் மிதிக்கிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இந்தத் தடவை நீ கேளு. உன் வாயால கேளு."

கோயிலுக்குள் நெரிசலில் அந்தத் தலைவர் எனக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உருகிக்கொண்டிருந்தார். எனக்குக் கும்பிடத் தெரியாது. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் இவள் அந்த இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும், போகவும் வரவும் நான் மிதிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.