பவளத்தின் மேலுதடு

வாயை இன்னொரு முறை திறக்கச் சொல்லிப் பவளத்தின் தாடையைத் தட்டுகிறார் தியாகலிங்கம். மருந்துக் குளிசையை உள்ளே வைத்துக் கொடுத்த பனங்கட்டி போய்விட்டது. கடித்த சத்தம் கேட்டது. விழுங்கியதும் கழுத்தில் தெரிந்தது. அவருக்கு அது போதாது. கடைவாயில் விரலை விட்டு, நாக்கை ஒதுக்கி, கன்னத்தின் உட்புறமெல்லாம் தடவிப் பார்க்கிறார். "எனக்கே ஒளிக்கிறியோ" என்கிறார். செம்மண் நிறத்துப் பெண்குதிரை தன் எச்சிலை அவருடைய சட்டையில் துடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. எப்போதோ ஒருநாள் அது குளிசையை மட்டும் பிரித்தெடுத்துத் தொட்டிக்குப் பின்னால் துப்பிவிட்டது. அந்த ஒரு குற்றத்துக்கு ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்கிற இந்த மனிதரை எதையாவது நம்பவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மழை வரும் என்று வானொலி சொன்னால் முற்றத்தில் இறங்கி மேலே பார்ப்பார், பெய்துகொண்டிருந்தாலும் பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வார். "தான் ஊத்தின தேத்தண்ணியையே மணந்து பாத்துத்தான் குடிப்பார்" என்று மனைவி சிவமலர் சொல்கிறார். அவர் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

அப்படிப்பட்டவர் குதிரை வாங்கியதுதான் ஊருக்கு அதிசயம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் வாடகைக்கு விடலாம் என்ற யோசனை. நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்தது என்று சொல்லி விற்றவனை அவர் ஒரு சொல்லும் நம்பவில்லை. ஆனால் லொறியிலிருந்து இறங்கிய குதிரை நேரே வந்து அவருடைய நெஞ்சில் நெற்றியை வைத்தது. அதில் மனிதர் விழுந்துவிட்டார். பிள்ளை இல்லாத வீட்டில் அது பிள்ளையாகவே வளர்ந்தது.

பிறகு ஒரு மத்தியானம் பவளம் வீட்டு வளவுக்குள்ளேயே விழுந்தது. கால்கள் விறைத்து அடித்தன, வாயில் நுரை தள்ளியது. சிவமலர் ஓடிவந்து பார்க்கும்போது தியாகலிங்கம் அதன் தலையடியில் இருந்து குழந்தைபோல அழுதுகொண்டிருந்தார். குதிரை எழும்பியதும் அழுகை நின்றது, சந்தேகம் தொடங்கியது. பக்கத்துக் காணியில் புல்லுக்கு மருந்து அடித்தவன் வேண்டுமென்றே காற்றுப் பார்த்து அடித்தான். வாசல் படலையடியில் யாரோ செய்வினைத் தகடு புதைத்திருக்கிறார்கள். இரண்டு நாளாகப் படலையடியைக் கிண்டி, கடைசியில் ஒரு துருப்பிடித்த கலப்பைக் கொழுவும் உடைந்த சோடாப் போத்தலும் எடுத்தார். போத்தலை இன்னும் எறியவில்லை.

மிருக வைத்தியராக வந்த இளம்பெண் பொறுமைசாலி. "ஐயா, இது வலிப்பு. மூளைக்குள்ளை கரண்ட் குழம்பிற மாதிரி. ஆரும் ஒண்டும் செய்யேல்லை" என்றார்.

"குளிசை மனுசருக்குக் குடுக்கிறதல்லோ பிள்ளை?"

"ஓம். அதேதான். நேரம் தவறக்கூடாது. சுகமாப் போச்செண்டு நீங்களா நிப்பாட்டினால் இன்னும் மோசமா வரும்."

தியாகலிங்கம் தலையாட்டிவிட்டு, வைத்தியர் போனதும் ஒரு குளிசையைத் தானே விழுங்கிப் பார்த்தார். அன்று பின்னேரம் வரைக்கும் கிணற்றடியில் படுத்துத் தூங்கினார். எழும்பி, "மருந்து மருந்துதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து வெயில் ஏறுமுன் பவளத்தை ஒழுங்கையில் நடத்திக்கொண்டு போவார். உடம்பு வேர்க்காத நடை. அடிக்கொருதரம் அதன் மார்பில் கையை வைத்து ஈரம் பார்ப்பார். ஓட விடக்கூடாது, களைக்க விடக்கூடாது, அதற்காகக் கட்டியே வைத்திருக்கவும் கூடாது. முதுகில் மட்டும் எவரையும் ஏற்றவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நடக்கும்போது அவருடைய கண் பாதையில் இருக்காது. குதிரையின் மேலுதட்டில் இருக்கும். வலிப்பு வருமுன் அது மெல்லத் துடிக்கும்.

வலிப்பு என்ற சொல்லை அவர் வெளியில் விடவில்லை. ஊருக்குத் தெரிந்தால், பிள்ளைகள் போய்வருகிற ஒழுங்கையில் உது ஏன், ஊசி போட்டு முடியுங்கோ என்பார்கள். அந்தப் பயம் அவரை அரித்தது. அதனால் வாடகைக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் "குளம்பிலை நோவு" என்று சொல்லி அனுப்பினார்.

கொக்குவிலில் இருந்து தங்கை கஜந்தினி வந்தபோதும் அதையே சொன்னார். அவளுடைய மகள் சாருஜாவுக்குச் சாமத்திய வீடு. பிள்ளை குதிரையில்தான் மண்டபத்துக்கு வரவேண்டும்.

"குளம்பிலை நோவெண்டால் காலமையிலை என்னெண்டு அண்ணை நடத்திறியள்?"

"ஆர் சொன்னது உனக்கு?"

"ஆர் சொன்னால் என்ன? உங்களுக்கு எரிச்சல். பிள்ளை இல்லாத எரிச்சல். தாய்மாமன் நீங்களே இப்பிடிச் செய்தால் நான் ஆரிட்டைப் போறது?"

அந்தச் சொல் அவரை வெட்டிவிட்டது. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வலிப்பும் வரவில்லை என்று நினைத்தார். குளிசை தவறவில்லை, மண்டபத்து வாசலில் கொஞ்சத் தூரம்தான், கடிவாளம் தன் கையில்தானே இருக்கும் என்றும் நினைத்தார். "கொண்டு வாறன்" என்றார்.

மண்டபத்து வாசலில் தவிலும் நாதஸ்வரமும் முழங்கின. தலைக்கு மேலே கமரா ஒன்று இரைந்துகொண்டு பறந்தது. கஜந்தினி முகமெல்லாம் சிரிப்பாக வந்து, தாய்மாமனுக்குரிய பட்டுச் சால்வையை அண்ணன் தோளில் போட்டுவிட்டாள். வீடியோக்காரர் வெளிச்சத்தைக் குதிரையின் முகத்துக்கு நேரே பிடித்தார். நகைகளின் பாரத்தோடு சாருஜா ஒரு காலை முக்காலியில் வைத்தாள். சேணத்தைப் பிடித்தாள்.

பவளத்தின் மேலுதடு ஒருதரம் அசைந்தது.

ஈ மொய்க்கிறது, இலையானாக இருக்கும் என்று நினைத்தார். பந்தலில் சாப்பாடு இருந்தால் இலையான் வராதா? இலையானைத் தேடினார். காணவில்லை. பறந்திருக்கும். அப்போதுதான் ஊரையும் உலகத்தையும் சந்தேகித்த மனிதருக்கு முதன்முதலாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. தங்கச்சியின் இந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இலையான் என்கிறேனோ?

"இறங்கு பிள்ளை" என்றார்.

"அண்ணை, எல்லாரும் பாக்கினம்" என்று பல்லைக் கடித்தாள் கஜந்தினி.

"பாக்கட்டும். குதிரைக்கு வலிப்பு வாறது. நான் பொய் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். பிள்ளையை ஏத்த மாட்டன்."

தவில்காரரின் கை நின்றது. பின்னாலிருந்து யாரோ "வலிப்போ" என்று கேட்டார். அந்தச் சொல் வாசலில் இருந்து பந்தலுக்கும் பந்தலில் இருந்து தெருவுக்கும் போனது. சாருஜா முக்காலியிலிருந்து காலை எடுத்துத் தாயின் பக்கத்தில் போய் நின்றாள். தியாகலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்று வாரை அவிழ்த்துச் சேணத்தை நிலத்தில் இறக்கினார். வீடியோ வெளிச்சம் இன்னும் குதிரையின் முகத்தில் எரிந்துகொண்டிருந்தது. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவி, பவளத்தின் கண்களை மூடிக் கட்டினார்.