அடக்கப் பதிவேட்டில் யார் பெயர்

எங்கள் போதகர் பொய்யர். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் நான் நடத்திய முப்பத்தொரு அடக்க ஆராதனைகளையும் தாம் நடத்தியதாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அதனால் எனக்கு இறையியல் முதுகலை வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. சபைப் பெரியவர்கள் மூன்று பேரிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். மூவரும் "விடுங்க, கர்த்தர் பாத்துக்குவார்" என்றார்கள். கர்த்தர் பார்க்கட்டும். சபையும் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் அந்தச் சபையின் உபதேசியார். போதகருக்கு அடுத்த படி. ஆலயத்தைக் கூட்டுவது முதல் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது வரை என் வேலை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் இந்தியாவில் உள்ள கல்லூரிக்குத் தபாலில் பரீட்சை எழுதி, ஆறு வருடத்தில் இறையியல் இளங்கலை வாங்கினேன். பட்டத்தாள் வந்து சேர்ந்த சில மாதத்தில் ஜப்பான்காரனும் வந்து சேர்ந்தான்.

குண்டு விழுந்த வாரமே போதகர் குடும்பத்தோடு புக்கிட் பாருவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டார். பயந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. நானும் பயந்தேன். "ஒரு வாரம் பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாரம் மூன்றரை வருடம் ஓடியது. புக்கிட் பாரு என்ன கடல் கடந்தா இருக்கிறது? சைக்கிளில் போனால் அரைமணி நேரம். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வந்து பிரசங்கம் பண்ணினார். சாவுக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

சாவு நிறைய இருந்தது. காய்ச்சல், கால் வீக்கம், பசி. பலகை கிடைக்காமல் பாயில் சுற்றிப் புதைத்தோம். பிறகு பாயும் கிடைக்காமல் சாக்கில் சுற்றினோம். குழி தோண்ட எங்கள் ஆண்கள் வெளியே வரமாட்டார்கள். கண்ணில் பட்டால் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போவார்கள். மண்வெட்டியோடு வந்தவர் பக்கத்து வீட்டுச் செட்டி. இங்கே செட்டிகள் என்பவர்கள் தமிழ் வம்சத்து இந்துக்கள், ஆனால் பல தலைமுறையாக வீட்டில் மலாய்தான் பேசுகிறார்கள். வயதானவர், பிடித்துப் போக லாயக்கில்லாதவர். உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "சாமி வேறன்னா குழி தானா தோண்டிக்குமா?" என்று மலாயில் திருப்பிக் கேட்டார்.

ஒருநாள் ஒரு பச்சைக் குழந்தையைப் பால் டின் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து போனேன். காவலுக்கு நின்ற சிப்பாய் நான் சரியாகக் குனியவில்லை என்று அறைந்தான். பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதிவேட்டின்படி இந்த அறையை வாங்கியவரும் எங்கள் போதகர்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். உபதேசியார் பெரிய பதிவேட்டில் கை வைக்கக் கூடாது. ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். போதகர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றி, நடத்தியவர் பெயர் போட்டுக் கையெழுத்து வைப்பார். நானும் அப்படித்தான் ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதி வந்தேன். மை ஏது? பென்சில்தான். இறந்தவர் பெயர், வயது, புதைத்த இடம், கீழே என் பெயர். ஜப்பான்காரன் தோற்று, போதகர் திரும்பி வந்ததும் அந்த நோட்டை என் கையாலேயே அவரிடம் கொடுத்தேன். நகல் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. எனக்கு நானே செய்துகொண்ட கெடுதல் அது ஒன்றுதான்.

கப்பல் போக்குவரத்து மறுபடி தொடங்கியதும் கல்லூரியிலிருந்து முதுகலை விதிகள் வந்தன. இளங்கலையில் இரண்டாம் வகுப்பாவது வேண்டும். எனக்கு இருந்தது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் வாசிக்கத் தெரிய வேண்டும். அதையும் படித்திருந்தேன். இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தாலே உதை விழுந்த காலத்தில், கிரேக்க இலக்கணத்தை விறகுக்கடியில் ஒளித்து வைத்து, பகலில் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தேன். ஆய்வுக்கு ஒரு பொருள் சொல்ல வேண்டும். சடங்குக்கு வழியில்லாத காலத்தில் கிறிஸ்தவ அடக்கம் எது என்று எழுதினேன். சேர்ந்த பிறகு இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், அதற்கும் தயார். வயது முப்பத்தைந்து ஆகியிருக்கக் கூடாது. எனக்கு அப்போது முப்பத்துமூன்று. கடைசியாக, பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருடமாவது சபை ஊழியம் செய்ததைப் பதிவேட்டு நகலோடு போதகர் சான்று கொடுத்து அனுப்ப வேண்டும். இதில் எனக்குக் கவலையே இல்லை. மூன்றரை வருடம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

நகலை உறையிலிட்டு ஒட்டிப் போதகரே அனுப்பினார். பதில் வந்தது. பதிவேட்டில் என் பெயர் எங்கும் இல்லையாம். இரண்டு வருடம் ஊழியம் செய்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாமாம். இரண்டு வருடம் போனால் வயது போய்விடும்.

போதகர் ஊரில் இல்லாத நாளில் அலமாரியைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தேன். முப்பத்தொன்றும் ஒரே பேனா, ஒரே நீல மை, ஒரே மூச்சில் எழுதியது. முப்பத்தொன்றிலும் அவர் பெயர்.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"தம்பி, மேலிடத்துல கேப்பாங்க. போதகர் இல்லாத சபைன்னு வந்தா சபைக்குத்தான கெட்ட பேரு?"

"என் நோட்டு எங்க ஐயா?"

"கறையான் அரிச்சிருச்சி."

"அப்போ எதப் பாத்து எழுதுனீங்க?"

மறுநாள் செட்டியைக் கூட்டிப் போனேன். அவர் நெஞ்சைத் தொட்டு, "சயா சக்சி" என்றார். நான் சாட்சி என்று அர்த்தம். போதகர் சிரித்தார். "கிரேக்கம் படிக்கப் போற ஆளுக்கு மாரியம்மன் கோயில்காரர் சாட்சியா?"

மண்வெட்டி பிடித்தவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அந்தப் பதிவேட்டில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. சயாமுக்குப் போன ஒரு ஆள் திரும்பவில்லை. அங்கே செத்ததை அவரோடு போனவன் வந்து சொன்னான். மனைவி கெஞ்சிக் கேட்டதால் அவள் வீட்டில் ஆராதனை நடத்தினேன். குறிப்பில் 'உடல் இல்லை' என்று எழுதினேன். போதகர் அதை விட்டுவிட்டு, 'ஆலயக் கல்லறையில் அடக்கம்' என்று போட்டிருக்கிறார். எல்லா வரிக்கும் அதையே போட்டுக்கொண்டே வந்தவர் இதற்கும் போட்டுவிட்டார். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். உடனே கிளம்பினார். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரப் பொதைச்சீங்களாமே. எடத்தக் காட்டுங்க, பூ வைக்கணும்."

"அது அவசரத்துல எழுதுனதும்மா. உபதேசியார் தூண்டிவிட்டாரா?"

"என்னைய யாரும் தூண்ட வேணாம். அன்னிக்கு எங்க வீட்டுல நின்னு ஜெபம் பண்ணது இவரு. நீங்க மரவள்ளி புடுங்கிக்கிட்டு இருந்தீங்க."

போதகர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்றுவரை அந்தப் பதிவேடு திருத்தப்படவில்லை.

எனக்கு இப்போது முப்பத்துநான்கு. வரும் சேர்க்கை எனக்குக் கடைசி. கல்லூரிக்குப் போக வேண்டியது, அந்த ஊழியம் நான் செய்தது என்று சொல்லும் ஒரே ஒரு கடிதம். அதை எழுதக்கூடியவர் போதகர் ஒருவர்தான். தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுப் பேசுவதெல்லாம் இனி வேண்டாம். ஐயா, வருகிற ஞாயிறு ஆராதனையில், செத்தவர்களின் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நில்லுங்கள். முப்பத்தொரு பெயரையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஆராதனை நடத்தியது நீங்களா, நானா? எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.