சுவரில் தொங்கிய இரண்டு ரொட்டிகள்

எங்கள் தெருவில் சைஃபுத்தீனின் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. தூதர் வீடு என்றால் கையைக் காட்டுவார்கள். ஆனால் வெளியுறவு அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தும் அவர் ஒரு வெளிநாட்டையும் பார்த்ததில்லை. ஏன் என்பதை அவர் மனைவி மக்ஃபிரத் அத்தைதான் எனக்குச் சொன்னார்.

அரபு தெரிந்தவர் என்பதால் தாஷ்கண்டுக்கு வரும் விருந்தாளிகளை அவரிடம் ஒப்படைப்பார்கள். பருத்தி வயலைக் காட்டுவார், விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார், கடைசியில் விமானம் ஏற்றிவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புவார்.

1956 வசந்தத்தில் அவரை டமாஸ்கஸ் தூதரகத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வெளிநாட்டில் உறவினர் உண்டா? தம்பி ஹம்தம் 1942-இல் போருக்குப் போய்ச் சிறைப்பட்டவன். துருக்கியில் உயிரோடு இருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. அதை எழுதினால் பயணம் அவ்வளவுதான். "தம்பி போரில் இறந்துவிட்டான்" என்று எழுதிக் கொடுத்தார்.

புறப்பட ஒரு வாரம் இருந்தது. உறவினர் எல்லாரும் வந்திருந்ததால் அன்றே ரொட்டியைக் கடித்துவிட்டார். பயணம் போகிறவர் ஒரு கடி கடித்த ரொட்டியைச் சுவரில் மாட்டி வைப்போம். திரும்பி வந்து அவரேதான் மீதியைத் தின்ன வேண்டும்.

மறுநாள் பணியாளர் பிரிவு அதிகாரி ரஹ்மன்பெர்தி தேநீர் குடிக்க வந்தார். புகாரா ஊர்க்காரர், அங்கேயும் இதே வழக்கம்தான்.

"என்ன தங்கச்சி, ரெண்டு ரொட்டி தொங்குது?"

"ஒண்ணு இவரு நேத்துக் கடிச்சது. இன்னொண்ணு என் கொழுந்தன் ஹம்தமோடது. பதினாலு வருஷமாச்சு. எப்படியும் வந்து தின்பாரு பாருங்க!"

அத்தைக்குப் படிவத்தைப் பற்றித் தெரியாது. அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார். செத்தவன் ரொட்டியை யாரும் மாட்டி வைப்பதில்லை, நொறுக்கிப் பறவைகளுக்குப் போட்டுவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

வாசலில் சைஃபுத்தீனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தோழர், தம்பி இல்லேன்னா ரொட்டி எதுக்கு? தெருவுல நாலு பேர் பார்க்கப் பறவைக்குப் போட்டுடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

சைஃபுத்தீன் உள்ளே வந்து முக்காலி போட்டு ஏறினார். விஷயம் தெரிந்ததும் அத்தை அழுதார். "என் வாய்தாங்க கெடுத்துச்சு. இறக்கிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆணிவரை கை போனது. ரொட்டியில் தம்பியின் பல் தடம் அப்படியே இருந்தது.

"காகிதத்துல ஒரு தடவை கொன்னுட்டேன்" என்றார். "போதும்." இறங்கிவிட்டார்.

டமாஸ்கஸுக்கு வேறொருவர் போனார். தெருவில் அவருக்குத் தூதர் என்ற பெயர் மட்டும் நின்றது. சவரம் செய்யும்போது நாவிதர் கோசிம் கிண்டலை விடவில்லை. "தூதரே, டமாஸ்கஸ்ல வெயில் எப்படி?"

"உன் கத்தி அளவுக்கு உரிக்கலை. சீக்கிரம் முடி."

விருந்தாளிகள் விமானப் படியில் நின்று, "எங்க ஊருக்கு எப்போ வரீங்க?" என்று கேட்பார்கள். "அடுத்த வருஷம்" என்பார். வசந்தம் வந்து தூதரகங்களுக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் ரஹ்மன்பெர்தி தொலைபேசியில் ஒரே வார்த்தை கேட்பார்: "ரொட்டி?"

"தொங்குது."

அவருடைய சொந்த ரொட்டியும் தொங்கியது. போகாததால் தின்ன முடியாது. உயிரோடு இருப்பதால் பறவைக்கும் போட முடியாது. சாப்பிட உட்காரும் இடம் அதற்கு நேர் எதிரே. பத்தொன்பது வருடம் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஓய்வு பெற்ற நாளில் முக்காலி போட்டுத் தன் ரொட்டியை இறக்கித் தேநீரில் ஊறப்போட்டார்.

"போயிட்டு வந்தவங்கதானே தின்னணும்?" என்றார் அத்தை.

"இனிமே எங்கடி போறது?"

"பல்லு போயிடும்."

"போகட்டும், அதுவாவது எங்கயாவது போகட்டுமே."

கெண்டி காலியாகும்வரை மென்றார். பிறகு தம்பியின் ரொட்டியைத் துணியால் துடைத்து, பழைய ஆணி ஆடியதால், தன் ஆணியில் மாட்டினார்.